லிஃப்ட் மெக்கானிக் முழு மனிதர் ஆனது

உயர்கல்வி தேடி வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசுவது மரியாதை அல்ல. பல்கலைக்கழகத்தின் உயர்மட்டக் குழு பலமுறை கூடி, விவாதித்து, தேநீர் அருந்தி, இதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. அதன் விளைவாகச் சேர்க்கைக் கூடத்தில் கவுண்டருக்கு முன்னால் ஒரு நாற்காலி போடப்பட்டது. ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது நாற்காலியைப் பற்றி வேறொரு குழு ஆழ்ந்து பரிசீலித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒற்றை நாற்காலியால் எங்கள் லிஃப்ட் மெக்கானிக்கின் குடும்பத்துக்கு நேர்ந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டுக்கு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று யோசிக்கும் பழக்கம் உண்டு. அது நிற்கும்போதெல்லாம் அவர்தான் வருவார். இருட்டில் நாங்கள் வியர்த்து வழிந்துகொண்டிருப்போம். மேலேயிருந்து குரல் கேட்கும்: "பயப்படாதீங்க, வந்துட்டேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கதவு திறக்கும். கிரீஸ் படிந்த கையால் எங்களை ஒவ்வொருவராகத் தூக்கிவிட்டுப் போய்விடுவார். வீட்டில் பேச்சு வேலையை அவருடைய மனைவி பார்த்துக்கொண்டார். அந்த அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வண்டி நிறைய குழந்தைகளின் கூச்சலை மீறிப் பேசிப் பழகியதால் அவர் மெதுவாகச் சொல்வதே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

இவர்களுக்கு ஒரே மகள். இயற்பியல் படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஒரே பிடிவாதம். நல்ல மதிப்பெண் வாங்கினாள். சீட்டும் கிடைத்துவிட்டது. நேரில் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. அப்பாவும் மகளும் கிளம்பிப் போனார்கள்.

முந்தின நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் மண்டியிட்டு வேலை பார்த்ததில் அப்பாவுக்கு முட்டி வீங்கியிருந்தது. வரிசையோ கட்டடத்தைச் சுற்றி வந்தது. ஒருவழியாகக் கவுண்டரை அடைந்ததும் மகள் நாற்காலியைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க உக்காருங்கப்பா."

உட்கார்ந்தார்.

கவுண்டர் அம்மாள் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேரு?"

தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவர் தன் பெயரைச் சொன்னார்.

"கேமராவைப் பாருங்க."

பார்த்தார்.

"கட்டை விரலை வைங்க."

பெற்றவர்களும் வைக்க வேண்டும் போலிருக்கிறது என்று வைத்தார்.

"எந்தப் பாடம்?"

"இயற்பியல்" என்றாள் பின்னால் நின்ற மகள்.

"வாழ்த்துகள், சேர்ந்துட்டீங்க. அடுத்தவங்க வாங்க."

"மேடம், மேடம்! சேர வேண்டியது நான். இவர் எங்க அப்பா."

அந்த அம்மாள் முதன்முறையாகத் தலையைத் தூக்கினார். "அப்போ நாற்காலியில ஏன் அவரு உக்காந்தாரு?"

"முட்டி வலி, மேடம்."

"நாற்காலி சேர்றவங்களுக்கும்மா. முட்டி வலிக்கு வெளியில பெஞ்சு போட்டிருக்கு."

"வயசைப் பார்த்தாலே தெரியாதா? மதிப்பெண்கூட என்னுதுதானே?"

"வயசு, மதிப்பெண் எல்லாம் சேர்ந்ததுக்கு அப்புறம் சரிபார்ப்போம். சேராதவங்களைச் சரிபார்க்க விதி கிடையாது."

"சரி, அவர் எழுந்துக்கட்டும், நான் உக்கார்றேன்."

"ஒரு சீட்டுல ஒருத்தர்தான். அவரு முறைப்படி எழுந்தாதான் நீங்க முறைப்படி உக்கார முடியும். விலகறதுக்கு மாடியில முழு மனிதர் பிரிவுக்குப் போங்க."

முழு மனிதர் பிரிவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் படிக்க வந்தவர் கணக்கைப் படித்துவிட்டுப் போனார். அதில் யாருக்கும் குறை தெரியவில்லை. பிறகு உயர்மட்டக் குழு ஒன்று கல்விச் சுற்றுலா போய் வந்தது. வெளியுலகில் எல்லோரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. அன்று முதல் எந்தப் பாடத்துக்கு வந்தாலும் பொதுக் கல்வி கட்டாயம் ஆயிற்று. முதலில் அதற்கு அடிப்படைக் கல்வி என்று பெயர். அது சாதாரணமாக இருந்ததால் பரந்த கல்வி என்று மாற்றினார்கள். அதுவும் பழசாகி இப்போது முழு மனிதர் திட்டம். பாடமும் கேள்வித்தாளும் மாறவில்லை. பெயர்ப்பலகை எழுதுகிறவர்தான் வாழ்ந்தார். புதுப் பலகையில் "முழு மனிதர் பிரிவு" என்று பெரிதாகவும், "அரை நாள் மட்டும் இயங்கும்" என்று சிறிதாகவும் எழுதியிருந்தது.

அதன் இயக்குநரை மாணவர்கள் "முழுமை" என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சில் மூச்சுக்கு ஒரு முழுமை வருவதால் அப்படி. மற்றபடி தங்கமான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்.

"இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"கால் வலிச்சுது. உக்காந்தேன்."

முழுமை கண்ணை மூடித் திறந்தார். "உடம்போட குரலைக் கேட்டிருக்கீங்க. அருமை."

மகள் நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வருத்தத்தோடு விதியைப் படித்தார்: முழுமை அடையாத எவரையும் இப்பல்கலைக்கழகம் தன் வாசலைத் தாண்டிச் சமூகத்துக்குள் விடுவதில்லை, எனவே விலக விரும்புவோர் பொதுக் கல்வித் தேவைகளை நிறைவேற்றிய பின்னரே விலகலாம்.

"அப்போ இதுவரைக்கும் விலகினவங்க எல்லாம்?" என்றாள் மகள்.

"யாரும் விலகினதில்லையே. சொல்லாம ஓடிப்போவாங்க. சொல்லிட்டுப் போகணும்னு வந்தது உங்க அப்பாதான் முதல் ஆள்."

"அவரும் ஓடிப்போனா?"

"படிப்புக் காலம் முடியற வரைக்கும் சீட்டு அவர் பேர்லயே இருக்கும். நீங்க காத்திருக்க வேண்டியதுதான்."

அன்று வேன்காரம்மா வீட்டில் பேசியது எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. "பொண்ணைக் காலேஜ்ல சேர்த்துட்டு வாங்கன்னு அனுப்பினா, இவரு சேர்ந்துட்டு வந்திருக்காரு! ஒரு அரை மணி நிக்க முடியலையா?" அவர் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள்தான், "நான்தான்மா உக்காரச் சொன்னேன்" என்றாள். பிறகு அவர் சொன்னார்: "படிச்சுட்டு எழுந்துக்கறேன்."

இப்படியாக எங்கள் லிஃப்ட் மெக்கானிக் மாணவரானார்.

அவருக்கு வேகமாக எழுத வராது என்பதால் மகளுக்கு "உடன் வருநர்" என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரலாம். பாடத்தைக் கேட்கலாம், குறிப்பு எடுக்கலாம். கேள்வி மட்டும் கேட்கக் கூடாது. கேள்வி கேட்கும் உரிமை சீட்டு உள்ளவருக்கே. அவள் சும்மா இருக்கிற பெண் இல்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் அப்பாவின் காதைக் கடிப்பாள். அவர் எழுந்து நின்று, "சார், அந்த நதி திசை மாறினதாலதான் அந்த நகரம் அழிஞ்சதுன்னா, பக்கத்து நகரம் ஏன் அழியலை?" என்று அப்படியே ஒப்பிப்பார். வகுப்பு திரும்பிப் பார்க்கும். சிந்தனையாளர் என்று அவருக்குப் பெயர் வந்துவிட்டது. பதில் வரும்போது பெரும்பாலும் அவர் வாசலுக்கு வெளியே, எங்கேயோ நின்றுவிட்ட லிஃப்ட்டைப் பற்றிப் போனில் கேட்டுக்கொண்டிருப்பார்.

உலக நாகரிகங்கள் என்று ஒரு பாடம். மணி அடிப்பதற்குள் ஒரு பேரரசு எழுந்து, ஓங்கி, விழுந்தாக வேண்டும். ஒருமுறை பேராசிரியர் தாமதமாக வந்ததில் ஒரு பேரரசு எழாமலேயே விழுந்தது. மன அமைதி என்று இன்னொரு பாடம். தாமதமாக வந்தால் வருகை ரத்து. ஆகவே மாணவர்கள் படியெல்லாம் தாவி, மூச்சு வாங்கி, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு மன அமைதிக்குள் நுழைவார்கள். எல்லோருக்கும் உயிரியல் என்று ஒன்று. மகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒரு செல் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்கிற படத்தை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்து, சாப்பிடும்போது அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பாவுக்கு வினை வந்தது பேச்சுத் தொடர்பாடல் வகுப்பில். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த பேராசிரியை, "தண்ணீர்: என் பார்வையில்" என்று ஒரு தலைப்புக் கொடுத்தார். இவர் எழுந்தார்.

"தண்ணி தாகத்துக்கு நல்லது." உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியை காத்திருந்தார். "தொடருங்க."

"முடிஞ்சுதும்மா."

"கருத்து மட்டும்தானே சொல்லியிருக்கீங்க? தொடர்பாடல் எங்க?"

கருத்து இருந்து தொடர்பாடல் இல்லாததால் தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பாடம் தோற்றாலும் விலக முடியாது. மகள் விடவில்லை. தினமும் சாயங்காலம் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தாள். "எதைச் சொன்னாலும் முன்னாடி 'இதை நாம எப்படிப் பார்க்கணும்னா'ன்னு சேர்த்துக்குங்கப்பா. நடுவுல 'ஒரு வகையில'. கடைசியில 'என்றும் சொல்லலாம்'."

அவர் எந்த வேலையையும் அரைகுறையாகக் கற்றுக்கொள்கிறவர் இல்லை. இதையும் நன்றாகக் கற்றுக்கொண்டார். அங்கேதான் எங்களுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

ஒரு நாள் லிஃப்ட் நின்றது. உள்ளே நானும், கீழ்வீட்டுப் பல் டாக்டரும், அவருடைய செல்லப் பிராணியான ஒரு கொழுத்த பூனையும். மேலேயிருந்து பழகிய காலடிச் சத்தம். நிம்மதியாக மூச்சு விட்டோம்.

"உள்ள இருக்கறவங்க இந்தத் தடையை எப்படிப் பார்க்கறீங்க?" என்றது குரல்.

"லைட்டே இல்லீங்க, எதையும் பார்க்க முடியலை" என்றார் டாக்டர்.

"அதாவது, நின்னுபோறதுங்கறது ஒரு வகையில ஓட்டத்தோட இன்னொரு பக்கம் என்றும் சொல்லலாம்."

"கதவைத் திறங்கய்யா!" என்று நான் கத்தினேன்.

"திறக்கறதுன்னா என்னங்கறதை முதல்ல..."

பூனை கத்திய கத்தலில்தான் அவருக்குப் பழைய நினைவு வந்தது. திறந்தார். வீட்டிலும் இதே கதை. உப்பு எங்கே என்று கேட்டால், உப்பின் இடம் குறித்துப் பல பார்வைகள் உண்டு என்று ஆரம்பிப்பாராம். வேன்காரம்மா வாயடைத்துப் போய் உட்கார்ந்ததைத் தெருவே முதன்முறையாகப் பார்த்தது.

பருவம் முடிந்து தேர்வு வந்தது. மகள் ராப்பகலாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு திருகாணியாக எண்ணி மாட்டுவது போல ஒவ்வொரு விடையாக மண்டைக்குள் ஏற்றிக்கொண்டு போய், தேர்வுக் கூடத்தில் அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்தார். முதல் வகுப்பு. விலகல் ஆணையும் முழு மனிதர் சான்றிதழும் ஒரே உறையில் வந்தன. வழியனுப்பு விழா மேடையில் முழுமை மைக்கைப் பிடித்துக்கொண்டார். "இவரை மாதிரி ஒரு முழு மனிதர் எங்களுக்குக் கிடைச்சதில்லை. அவரும் போறாரே."

மறுநாளே மகள் சேர்க்கைக் கவுண்டருக்குப் போனாள். இந்த முறை அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார். நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். பெயரைச் சொன்னாள், கேமராவைப் பார்த்தாள், கட்டை விரலை வைத்தாள். திரை சிவப்பாகிவிட்டது.

"நீங்க உடன் வருநரா ஒரு பருவம் முழுக்க இருந்திருக்கீங்களே" என்றார் கவுண்டர் அம்மாள். "பொதுக் கல்விப் பாடம் எல்லாத்தையும் கேட்டிருக்கீங்க. ஒரு தடவை கேட்ட பாடத்தை மறுபடியும் கேட்க அனுமதி இல்லை."

"சரி, கேட்டுட்டேன்னே எழுதிக்குங்க."

"எப்படி எழுதறது? மதிப்பெண் இல்லையே."

"மறுபடி படிக்கவும் கூடாது, படிச்சதாவும் ஆகாது. பொதுக் கல்வி இல்லாம பட்டமும் கிடையாது. அப்போ நான் என்னதான் பண்றது?"

"அது உங்க சொந்த விஷயம்மா. அடுத்தவங்க வாங்க."

மறுபடியும் மாடி. இந்த முறை வேன்காரம்மாவும் கூட வந்தார். வாயடைத்துப் போனதெல்லாம் அந்த ஒரு தடவையோடு சரி. அவர் பேசப் பேச முழுமையின் மேசை மேலிருந்த தாள்கள் பறந்தன. முழுமை உண்மையிலேயே கலங்கிப்போனார். அலமாரி அலமாரியாகத் தேடி, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கேட்டதை முழுவதும் மறந்துவிட்டேன் என்று நிரூபித்தால் கேட்காதவராகவே கருதப்படலாம். அதற்கு மறதிச் சான்று வேண்டும். மறதிச் சான்றுக்கு மறதித் தேர்வு எழுத வேண்டும். கேள்விகள் பழைய கேள்விகளே. தெரியாமல் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் தப்புத் தப்பா எழுதிட்டு வா" என்று அம்மா சொல்லி அனுப்பினார். இதைவிடச் சுலபமான தேர்வு உலகத்தில் இல்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அவள் திரும்பி வந்தபோது நான் மாடிப்படி அருகில் நின்றிருந்தேன். முகம் வீங்கியிருந்தது.

"என்னடி, தப்பா எழுதினியா?" என்றார் அம்மா.

"முதல்ல தப்பாத்தாம்மா எழுதினேன். செல் எப்படிப் பிரியுதுன்னு கேட்டிருந்தாங்க. தலைகீழா எழுதிட்டு அடுத்ததுக்குப் போனேன். மனசே ஆகலை. திரும்பி வந்து அடிச்சிட்டு..." தேம்பினாள். "எல்லாத்தையும் சரியா எழுதிட்டேன்மா. தெரிஞ்சதைத் தெரியாதுன்னு எழுதக் கை வரலை."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அப்பா மகளைப் பார்த்தார். தடை, ஓட்டம், பல பார்வை எல்லாம் இப்போது கிளம்பப் போகிறது என்று நான் நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"சரியா எழுதினதுக்கு அழுவாங்களா?"

மறுநாள் தன் முழு மனிதர் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். முழுமையின் முன் நின்றார்.

"எவ்வளவு மறந்தா மறந்ததா கணக்கு?"

முழுமை திகைத்தார். விதியில் அது இல்லை. அளவுகோல் இல்லாமல் தேர்வு நடத்திவிட்டது அப்போதுதான் புரிந்தது. உடனே அவசரக் குழு கூடியது. முறைப்படி படித்துத் தேறியவர்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதுதான் அளவு; அதற்குக் குறைந்தால் மறதி, கூடினால் ஞாபகம் என்று முடிவு செய்தார்கள். ஆகவே தேறியவர்களை அழைத்து அதே தேர்வை எழுத வைத்தார்கள். நானும் அந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரிதான். பரந்த கல்விக் காலத்தில் முதல் வகுப்பில் தேறியவன். அழைப்பு வந்தது. உற்சாகமாகவே போனேன்.

கூடம் நிறைய பெரிய மனிதர்கள். பல் டாக்டர் இருந்தார். கவுண்டர் அம்மாள் இருந்தார். பொறியாளர்கள், வங்கி மேலாளர்கள், மூக்குக் கண்ணாடிப் பேராசிரியை, கடைசி வரிசையில் முழுமையே இருந்தார். கேள்வித்தாளைப் பிரித்தேன். உலக நாகரிகங்கள் வகுப்பில் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. அதைப் பற்றிக் கேள்வி இல்லை. எட்டிப் பார்க்கலாம் என்று டாக்டரின் பக்கம் சாய்ந்தேன். அவரும் அதே நேரத்தில் என் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். வேகமாக எழுத வராத எங்கள் மெக்கானிக் மட்டும் இப்போது பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். எல்லாம் தொடர்பாடல். கருத்து ஒன்றுகூட இல்லை.

முடிவு வந்தது. பெயரையும் பதிவு எண்ணையும் தவிர யாரும் எதையும் சரியாக எழுதவில்லை. முழுமை பதிவு எண்ணையும் தப்பாக எழுதியிருந்தார்.

இதில் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அவசரக் குழு மறுபடி கூடி, ஆராய்ந்து, தேநீர் அருந்தி, ஆணை வெளியிட்டது: இப்பல்கலைக்கழகத்தில் பொதுக் கல்வியை முறையாக நிறைவு செய்த எவருக்கும் அதில் எதுவும் நினைவில் இருப்பதில்லை என்பது ஆதாரபூர்வமாக நிறுவப்பட்டுள்ளது. மேற்படி மாணவிக்கு யாவும் நினைவில் உள்ளன. ஆகவே அவர் இங்கு பயின்றவர் அல்லர் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது. அவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்த்துக்கொண்டார்கள். வேன்காரம்மா தெருவுக்கெல்லாம் கேட்கும்படி மகிழ்ந்தார். அவள் இயற்பியலோடு பொதுக் கல்விப் பாடங்களையும் மறுபடி முறையாகப் படித்தாள், முறையாகத் தேர்வு எழுதினாள், எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, பழையபடி கதவைத் திறந்துவிட ஆரம்பித்தார்.

போன மாதம் என் மூத்த மகளுக்கு உயிரியலில் ஏதோ சந்தேகம். செல் பிரிவதைப் பற்றித்தான். எனக்கு என்ன தெரியும்? மெக்கானிக்கின் மகளை விட்டால் சொல்லித்தர வேறு யார் என்று அழைத்துக்கொண்டு போனேன். என் மகள் புத்தகத்தை நீட்டினாள். மெக்கானிக்கின் மகள் அன்போடு வாங்கி, படத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள், மறுபக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதெல்லாம் நான் பாஸ் பண்ணிட்டேனே, அங்கிள்."